ஓட்டுநருக்கு ஒரு கட்டில்

வத்தலகுண்டில் பிறந்தவர்களுக்குக் கொடைக்கானல் எப்போதும் கண்ணில் இருக்கிற ஊர். வடகம் காயப்போட மொட்டை மாடிக்கு ஏறினால் மேற்கே மலை நிற்கும். மழை ஓய்ந்த நாளில் மடிப்பு மடிப்பாகத் தெரியும். சித்திரை வெயிலில் கரைந்து வெறும் நீலமாகிவிடும். ஆனாலும் எங்கள் தெருவில் அங்கே போய் ஒரு ராத்திரி தங்கியவர்கள் அதிகம் இல்லை. காலையில் ஏறி, ஏரியைச் சுற்றி, பிரையண்ட் பூங்காவில் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் இறங்கிவிடுவார்கள். அங்கே வீடு பிடித்துத் தங்குவது வெளியூர்க்காரர்கள் செய்கிற காரியம் என்றே நாங்கள் வளர்ந்தோம்.

எங்கள் வீட்டில் மலையில் ராத்திரி தங்கியவர் அப்பா ஒருவர்தான். அரசுப் பேருந்து ஓட்டுநர். வேலைக் காலத்தின் பெரும்பகுதியைக் காட்ரோட்டில் கழித்தவர். கடைசி வண்டியை மேலே கொண்டுபோய் நிறுத்தி, விடிவதற்குள் முதல் வண்டியாக இறக்கிக்கொண்டு வருவதற்கு 'நைட் ஹால்ட்' என்று பெயர். அன்றைய பேருந்துகளில் என்ஜின் ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே, வண்டிக்குள் இருக்கும். அதை மூடிய பானெட்டில், நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சூடு நிற்கும். அப்பா அதன்மேல் சாக்கை விரித்து, போர்வையைத் தலையோடு இழுத்து மூடிப் படுப்பார். கண்டக்டருக்குப் பின்னால் இருக்கிற நீள சீட்டு. நடுராத்திரிக்குள் என்ஜின் ஆறிவிடும். அதன்பிறகு அடியில் கிடக்கிற இரும்பே குளிரை உடம்புக்குள் ஏற்றும். மார்கழியிலும் தையிலும் கொடைக்கானலில் உறைபனி விழும். புல்வெளி உப்பைக் கொட்டியதுபோல வெளுத்துக் கிடக்கும். அந்தக் குளிரில் நாலு மணிக்கு எழுந்து, விறைத்துப்போன டீசல் என்ஜினை உறுமவிட்டுச் சூடேற்றி, கண்ணாடியைத் துடைத்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்குவார்.

வரும்போது கையில் ஏதாவது இருக்கும். வைகாசியில் ப்ளம்ஸ், ஆடியில் பேரிக்காய், பூம்பாறைப் பக்கத்து மலைப்பூண்டு. அந்தப் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, சொந்தப் பிள்ளை பரீட்சையில் தேறிய மாதிரி சந்தோஷப்பட்டார். ஆனால் "எங்களையும் கூட்டிட்டுப் போங்கப்பா" என்று கேட்டால் மட்டும் ஒரே பதில்தான்: "அங்க என்னத்தா இருக்கு? குளிருதான் இருக்கு."

அவருக்கு எழுபது முடிந்த வருஷம் தம்பியும் தங்கையும் நானும் கூடிப் பேசினோம். சத்திரம் பிடித்து விழா வைக்க வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். கோயிலில் ஓர் அர்ச்சனை போதும். அந்தச் செலவில் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் ஒரு வாரம் இருக்கலாம் என்பது அவள் கணக்கு. எங்கே என்று கேட்டதற்கு, யோசிக்காமல் கையை மேற்கே காட்டினாள். அப்பா மறுக்கவில்லை. "ஒங்கம்மா ஆசைப்பட்டா சரித்தான்" என்றார்.

மாதத்தைத் தீர்மானிப்பதுதான் முதல் வேலை. மே மாதம் வேண்டாம் என்பதில் எனக்கு உறுதி இருந்தது. மலர்க் கண்காட்சியும் கோடை விழாவும் நடக்கிற அந்த மாதத்தில் பெருமாள்மலையிலிருந்தே வண்டிகள் வரிசை கட்டி நிற்பதை அப்பா பல வருஷம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில், ஏப்ரலிலிருந்து ஜூன் முடிய, கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 6,000 வண்டிகள் என்று எல்லையும் வகுத்தார்கள். அதைத் தொந்தரவு என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது மிகச் சரியான உத்தரவு. மலையில் தண்ணீர் மழையை நம்பி இருக்கிறது. கோடையில் ஊருக்கே குழாயில் வரத்து குறையும்போது, விடுதிகளுக்கு லாரியில் தண்ணீர் ஏறுகிறது. அங்கே குடியிருப்பவர்கள் குடத்தோடு நிற்கும்போது நாம் போய் வெந்நீரில் நீராட வேண்டுமா?

பிள்ளைகளுக்குப் பள்ளி, மாப்பிள்ளைக்கு அலுவலகம் என்று எல்லாவற்றையும் கழித்துப் பார்த்ததில் காலாண்டுத் தேர்வு விடுமுறை நின்றது. பிற்பகலில் மழை வரலாம். வடகிழக்குப் பருவமழை முழுசாக இறங்குவதற்கு முன்னால் திரும்பிவிடலாம். தங்கை, "மழை பெஞ்சா எங்கக்கா போறது?" என்று கேட்டாள். எங்கும் போகாமல் இருக்கத்தானே வீடு பிடிக்கிறோம் என்றேன்.

மலையில் வீடு பிடித்துத் தங்குகிற பழக்கமே மதுரையிலிருந்து போனதுதான். மதுரையின் வெயிலிலும் நோயிலும் குடும்பத்தாரைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த அமெரிக்க மிஷனரிகள், 1845-ல் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். பெரியகுளத்துக்கு அருகே கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து மலைப்பாதையில், பெண்களையும் குழந்தைகளையும் டோலியில் உட்கார்த்தி ஆட்கள் சுமந்து ஏறினார்கள். தட்டுமுட்டுச் சாமான்களும் தோளில்தான் போயின. பிறகு 1863-ல் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஏரியை உண்டாக்கினார். 1872-ல் கோக்கர் என்பவர் மலை விளிம்பில் நடைபாதை போட்டார். இன்று பேருந்து ஓடும் சாலைக்கே மேஜர் லா என்பவரின் பெயர்தான். எங்கள் பக்கத்தில் லாஸ்காட் ரோடு என்பார்கள். இவர்கள் பெயரெல்லாம் நிலைத்துவிட்டது. டோலி சுமந்தவர் ஒருவர் பெயரையும் நான் எந்தப் பலகையிலும் பார்த்ததில்லை.

வீடு தேடத் தொடங்கினோம். ஆளுக்குப் பத்து என்று தொலைபேசி எண்களைப் பிரித்துக்கொண்டு, என்னென்ன கேட்க வேண்டும் என்று தம்பி ஒரு தாளில் எழுதினான். படங்களில் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். மரத் தரை, கணப்பு, ஜன்னலில் மேகம். எங்களுக்கு வேண்டியது வேறு. வண்டி வாசல் வரை வருமா? மலைச் சரிவில் கட்டுகிற வீடுகளுக்குச் சாலை மேலே இருக்கும், வீடு கீழே இருக்கும். நடுவில் ஈரப் படிகள். அப்பாவின் முழங்காலுக்கு அது ஆகாது. ஆண்டுக்கணக்கில் கிளட்ச் மிதித்த கால். அடுத்து, கழிப்பறையில் உட்காருகிற வசதி. மின்சாரம் போனால் வெந்நீருக்கு என்ன வழி? தொட்டி எத்தனை லிட்டர்? சமையலறையில் குக்கர் உண்டா, கேஸ் நம் கணக்கா அவர்கள் கணக்கா? கட்டடத்துக்கு உரிமம் உண்டா என்பதையும் எழுதச் சொன்னேன். விதிமீறிக் கட்டிய பல கட்டடங்களுக்குக் கொடைக்கானலில் நீதிமன்ற உத்தரவின்பேரில் சீல் வைத்திருக்கிறார்கள். முன்பணம் கொடுத்துவிட்டுப் பூட்டிய கதவின் முன் பெட்டிகளோடு நிற்க முடியாது.

தாளின் கடைசியில் தம்பி 'மொத்தம் 11 பேர்' என்று எழுதிப் படித்துக் காட்டினான். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா, "பன்னண்டு" என்றார்.

தம்பி மறுபடி விரல் விட்டு எண்ணினான். பதினொன்றுதான்.

"வண்டி ஓட்டுற தம்பி எங்கடா படுப்பாரு?"

அதற்குப் பிறகு யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் தாளை வாங்கி, எல்லாக் கேள்விகளுக்கும் மேலே அதை எழுதினேன்.

இந்த ஒரு கேள்வி எத்தனை வீடுகளைக் கழித்துவிட்டது என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. "டிரைவரா? வண்டியிலேயே படுத்துக்குவாங்க மேடம்" என்றார் ஒருவர், அது இயற்கை நியதி என்கிற குரலில். இன்னொருவர், "நீங்க கவலைப்படாதீங்க, அவங்களுக்குப் பழக்கம்" என்றார். ஓர் அம்மாள் உண்மையிலேயே திகைத்து, "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையேம்மா" என்றார். நாய்க்கு இடம் உண்டு என்று விளம்பரத்திலேயே போட்டிருந்த வீட்டில்கூட ஓட்டுநருக்கு இடம் இல்லை.

பெரிய விடுதிகளின் நிலை இப்போது மாறி வருகிறது. 2023-ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஓட்டல்களும் தங்கும் விடுதிகளும் விருந்தினரின் வண்டி ஓட்டி வருபவர்களுக்குக் கழிப்பறையோடு கூடிய படுக்கைக் கூடம் அமைக்க வேண்டும் என்று சொன்னது. நல்ல விதி. ஆனால் மூன்று அறை, நான்கு அறை கொண்ட தனி வீடுகளுக்கு நாங்கள் போன் போட்டபோது அதன் காற்றுகூட அங்கே வீசவில்லை.

வண்டியில் படுப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்களுக்கு அப்பா சொன்னதையே சொல்கிறேன். குளிரை ஒரு மாதிரி தாங்கிவிடலாம். நடுராத்திரி சிறுநீர் கழிக்கப் போக வேண்டுமே, எங்கே போவது? கொடைக்கானல் தெருக்களில் இரவில் காட்டுமாடு நடமாடும். குப்பைத் தொட்டியைத் தேடி வரும், காய்கறித் தோட்டத்தைத் தேடி வரும்; இருட்டில் பத்தடி தூரம் வரை நெருங்கினாலும் தெரியாது. ஆள் உயரத்துக்குத் திமில் நிற்கும் மிருகம் அது. அதற்குப் பயந்து விடிகிற வரை அடக்கிக்கொண்டு கிடந்த ஓட்டுநர்கள் பலர். இன்னொன்று இதைவிட மோசம். குளிர் தாங்காமல் கண்ணாடியை ஏற்றிவிட்டு என்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது. புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் கரியடுப்பை வைத்துவிட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போன செய்தி கொடைக்கானலிலிருந்தே வந்திருக்கிறது. இத்தனைக்கும் மேல், சரியாகத் தூங்காத அந்த மனிதரிடம்தான் மறுநாள் காலை நம் குழந்தைகளை ஒப்படைத்து, கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கச் சொல்கிறோம்.

கடைசியில் அட்டுவம்பட்டிப் பக்கம் ஒரு வீடு கிடைத்தது. மரவீடு என்று சொல்ல முடியாது. கல் சுவர், தகரக் கூரை, உள்ளே பலகை அடித்திருந்தார்கள். படங்களில் பார்த்த மற்ற வீடுகளை விடச் சுமார்தான். ஆனால் வாசலில் இரண்டே படி. காம்பவுண்டுக்குள் காவல்கார அண்ணன் இருக்கிற சின்னக் கட்டடத்தில் தனி அறை, கட்டில், வெந்நீர் வருகிற குளியலறை. "டிரைவருக்கு ரெண்டு கம்பளி போட்டு வைக்கிறேங்க" என்று அவராகவே சொன்னார். நான் அந்த நிமிஷமே முன்பணம் அனுப்பினேன்.

சாமான் கட்டுவது அம்மாவின் ராஜ்ஜியம். மலையில் சமைப்பது சமவெளியில் சமைப்பது மாதிரி இல்லை. ஏழாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பார்த்தால் தளதளவென்று கொதிக்கும். பருப்பு மட்டும் வேகாது. பாத்திரத்தில் சோறு வடிக்கிற பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டு, இரண்டு குக்கர் எடுத்துக்கொண்டோம். குளிரில் மாவு புளிக்காது என்பதால் வீட்டிலேயே பொங்கவிட்டு, தூக்கில் பாதிதான் நிரப்பினாள். தேங்காயெண்ணெயை வாயகன்ற டப்பாவில் ஊற்றச் சொன்னார் அப்பா. மேலே போனால் கட்டியாகிவிடும், பாட்டிலைக் கவிழ்த்தால் வராது. தண்ணீருக்கு எவர்சில்வர் குடங்கள். சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களை மலையில் தடைசெய்திருக்கிறார்கள். தடை இல்லாவிட்டாலும் சோலைக்காட்டில் கொண்டுபோய்ப் போடுகிற பொருளா அது? இஞ்சி, மிளகு, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, என் மகனுக்கு எலுமிச்சம்பழம்.

அவனுக்கு வளைவில் வயிறு புரட்டும். அதற்கும் அப்பாவிடம் முறை இருந்தது. காலையில் பால் கூடாது. வெறும் வயிறும் கூடாது. இரண்டு இட்லி போதும். முன் சீட்டு. கையில் இருக்கிற போனைப் பார்க்கக் கூடாது, தூரத்தில் தெரிகிற மலையைப் பார்க்க வேண்டும். வளைவு வரும்போது உடம்பை ஓட்டுநர் சாய்கிற பக்கம் சாய்க்க வேண்டும். பிள்ளை அதை அப்படியே செய்தான், பெருமாள்மலை வரை ஒரு சத்தமும் இல்லை.

தேவதானப்பட்டியில் மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயிலில் நிறுத்தினோம். அங்கே சன்னதிக் கதவு திறப்பதில்லை. மூடிய கதவுக்குத்தான் பூஜை. காட்ரோடு ஏறுகிற நாளெல்லாம் ஓட்டத்திலேயே ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுப் போன அப்பா, அன்று இறங்கி, நின்று கும்பிட்டார். வேனில் அவர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் தம்பிக்கு முப்பது வயதிருக்கும், உசிலம்பட்டிப் பக்கம். ஏறும்போது அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வலது கால் மட்டும் தரையில் அழுந்திக்கொண்டே இருந்தது. டம்டம் பாறையில் நிறுத்தி, எதிரே எலிவால் அருவி ஒற்றைக் கோடாக இறங்குவதைப் பார்த்தபோது பேரப்பிள்ளைகளிடம் சொன்னார்: "ஏறுற வண்டிக்கு எறங்குற வண்டி வழி விடணும். எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்லதான் எறங்கணும். இந்த ரெண்டையும் மதிச்சா இந்த மலை யாரையும் ஒண்ணும் செய்யாது." ஓட்டுநர் தம்பி திரும்பிப் பார்த்து, "நீங்க இந்த ரூட்டுங்களா ஐயா?" என்றார். அதன்பிறகு ஊத்து, பண்ணைக்காடு பிரிவு என்று ஒவ்வொரு வளைவுக்கும் இருவருக்கும் பேச ஏதாவது இருந்தது. பின்னால் பிள்ளைகள், உப்பிப் பந்தாகிவிட்ட சிப்ஸ் பாக்கெட்டுகளைக் காட்டிக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே காற்றழுத்தம் குறைய, பாக்கெட்டுக்குள் அடைத்த காற்று விரிகிறது என்று மாப்பிள்ளை விளக்கினார். வெள்ளி நீர்வீழ்ச்சிச் சாவடியில் இ-பாஸைக் காட்டி உள்ளே நுழைந்தோம்.

தங்கிய நாட்களைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை, அதுவே எனக்கு நிறைவு. பிள்ளைகள் 'குணா' குகைக்குப் போயே ஆக வேண்டும் என்றார்கள். ஒரு காலை அதற்குக் கொடுத்தோம். அம்மாவுக்குக் குறிஞ்சி ஆண்டவர் கோயில். 1936-ல் அதைக் கட்டியவர், இந்து சமயத்தைத் தழுவி லீலாவதி என்று பெயர் வைத்துக்கொண்ட ஐரோப்பியப் பெண்மணி. அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் பழனி தெரியும் என்பதே அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. மற்றபடி மழை பெய்தது, அடுப்படியில் மூன்று பெண்களும் நின்று பேசினோம், தங்கைக்கும் தம்பிக்கும் இடையில் இரண்டு வருஷமாக இருந்த ஒரு மனத்தாங்கல் மலைப்பூண்டு உரித்துக்கொண்டே தீர்ந்தது. பட்டியல் போட்டு இடம் பார்க்கிற குடும்பங்களுக்கு இது கிடைப்பதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் ராத்திரி சாப்பாடு ஆனதும் அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் டார்ச்சோடு கிளம்பினார். நானும் கூடப் போனேன். காவல்கார அண்ணன் கட்டடத்துக்குப் போய், அறையைத் திறக்கச் சொல்லி, கட்டிலைக் கையால் அழுத்திப் பார்த்தார். குழாயைத் திறந்து வெந்நீர் வருகிறதா என்று விரலை நீட்டினார். ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. அட்டையை வைத்து அடைக்கச் சொன்னார். ஓட்டுநர் தம்பி கூச்சத்தோடு, "எனக்கு வண்டியே போதும் ஐயா" என்றார். அப்பா, "போதாதுப்பா. எனக்குத் தெரியும்" என்றார்.

மறுநாள் அப்பா காலை ஏழரை வரை தூங்கினார். அவர் அத்தனை நேரம் தூங்கி நாங்கள் யாரும் பார்த்ததில்லை என்று அம்மா எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாள். எழுந்து வந்து வாசல் வெயிலில் உட்கார்ந்து காப்பி குடித்தவர், "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ஊட்டியோ ஏற்காடோ வால்பாறையோ, நீங்களும் குடும்பத்தோடு மலைக்குப் போகத் திட்டமிட்டுக்கொண்டிருக்கலாம். காட்டேஜ் பேசும்போது கணப்பு உண்டா, காட்சி தெரியுமா என்று கேட்பதற்கு முன்னால் ஓட்டுநர் படுக்கக் கட்டிலும் கம்பளியும் கழிப்பறையும் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால், அதனால்தான் வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போன் போடுங்கள். பத்துப் பேர் அப்படிச் சொன்னால் பதினோராவது ஆள் கேட்கும்போது அங்கே ஒரு கட்டில் போட்டிருப்பார்கள்.